காடு திருத்தியவர்கள் எதனால் இறந்தார்கள்?

1818 செப்டம்பரில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் லிட்டில் பிஜன் க்ரீக் என்ற ஓடையோரக் குடியிருப்பில் தாமஸ் ஸ்பாரோவும் அவர் மனைவி எலிசபெத்தும் அடுத்தடுத்து இறந்தார்கள். நோயில் கிடந்த அக்கம்பக்கத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த எலிசபெத்தின் உறவுப் பெண் நான்சியும் படுத்தார். ஒரு வாரம் போலத்தான் தாங்கினார். அக்டோபர் 5-ம் தேதி உயிர் போனது. வயது 34. கணவருக்குத் தச்சு வேலை தெரியும் என்பதால் அவரே பலகை அறுத்துச் சவப்பெட்டி செய்தார். பெட்டிக்கான மர ஆணிகளை 9 வயது மகன் சீவிக் கொடுத்தான் என்று சொல்வார்கள். அந்தப் பையனின் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

பின்னால் ஜனாதிபதி ஆனவரின் சோகக் கதையாக இதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாம் இதை ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தின் மரணப் பட்டியலாகப் பார்ப்போம். லிங்கனுக்குப் பின் பிறந்த தம்பி கென்டக்கியில் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான். தாய் போனது 1818-ல். அக்கா சாரா 1828 ஜனவரியில் தலைப்பிரசவத்தில் இறந்தார். வயது 20, குழந்தையும் பிழைக்கவில்லை. தந்தை 1819 டிசம்பரில் மறுமணம் செய்துகொண்ட சாரா புஷ், கணவரைப் பறிகொடுத்து மூன்று குழந்தைகளோடு இருந்தவர். இரண்டு பக்கமும் துணையை இழந்தவர்கள் சேர்ந்து, இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் வளர்த்தார்கள். அந்தக் காலத்து ஓஹையோ, இண்டியானா, இல்லினாய் பக்கம் இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றும் அபூர்வமில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், இவர்கள் சேரியின் நெரிசலிலோ ஆலைப் புகையிலோ வாழ்ந்தவர்கள் அல்ல. திறந்தவெளி, சுத்தமான காற்று, சொந்த மாட்டின் பால், சொந்த நிலத்தின் சோளம். பிறகு ஏன் இத்தனை சாவு?

முன்னோடிக் குடியிருப்பு என்றால் என்ன

ஒரு நிலத்தில் ஏர்விவசாயத்துக்கென்று புதிதாக வந்து இறங்கி, காட்டை வெட்டி, முதல் வீட்டைக் கட்டி, முதல் விளைச்சலை எடுக்கும் தலைமுறையைத்தான் இங்கே முன்னோடி விவசாயிகள் என்கிறோம். பழைய கிராமத்திலிருந்து இது பல வகையில் வேறுபட்டது. பழைய கிராமத்தில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, எந்தச் செடியை ஆடு தொடாது, எந்த மாதத்தில் எந்தக் காய்ச்சல் வரும் என்பதெல்லாம் பாட்டிமார் வாயில் இருக்கும். புது நிலத்தில் அந்தப் பாட்டி இல்லை. அந்த நிலத்தை அறிந்த பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களைத் துரத்திவிட்டுத்தான் இவர்கள் அங்கே உட்கார்ந்தார்கள்.

இன்னொரு வேறுபாடு, ஆள் குறைவு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு மைலோ இரண்டு மைலோ இருக்கும். இதில் ஒரு நன்மை உண்டு. தட்டம்மை, பெரியம்மை மாதிரி ஆளுக்கு ஆள் தொற்றும் நோய்கள் நிலைத்து நிற்கக் கூட்டம் வேண்டும்; அது இங்கே இல்லை. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெருநகரங்களை விடக் கிராமப்புறத்தில்தான் ஆயுள் நீளமாக இருந்தது. ஆகவே முன்னோடிகள் எல்லோரையும் விட அதிகமாகச் செத்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களைக் கொன்ற நோய்களின் வகை வேறு. நகரத்தவனுக்கு நோய் பக்கத்து ஆளிடமிருந்து வந்தது. இவர்களுக்குப் பெரும்பாலும் நிலத்திலிருந்து வந்தது. அதிலும் குறிப்பாக, அந்த நிலத்தில் இவர்கள் செய்த வேலையால் வந்தது. கொசுவும் செடியும் அந்த இடத்துக்கு உரியவை. அவற்றை மனிதனோடு கோத்துவிட்டது இவர்கள் வீடு கட்டிய இடமும் மாடு மேய்த்த விதமும்.

குளிர்காய்ச்சல்

அந்தப் பக்கத்தில் மிகப் பரவலாக இருந்த நோய் மலேரியாதான். நம் ஊர்களில் முறைக்காய்ச்சல் என்பார்களே, அதே. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஏறக்குறைய சொல்லிவைத்த நேரத்துக்கு உடம்பு நடுங்கும். போர்வைக்கு மேல் போர்வை போட்டாலும் பல் கிட்டும். பிறகு உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும், தணியும். மறுநாள் எழுந்து ஏர் ஓட்டலாம். அதற்கு அடுத்த நாள் மறுபடி படுக்கை. வீட்டில் யாருக்கு எந்த நாள் நடுக்கம் என்று பார்த்து வேலையைப் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. அது நோயே இல்லை, வெறும் நடுக்கம்தான் என்று பேசிக்கொள்ளும் அளவுக்குச் சகஜமாகிவிட்டது. புதிதாக வந்தவன் முதல் ஓரிரு ஆண்டுகளில் ஒருமுறை படுத்து எழுந்தால்தான் மண்ணுக்குப் பழகினான் என்று அர்த்தம்.

மலேரியா அமெரிக்காவின் சொந்த நோய் அல்ல. கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களின் ரத்தத்திலும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் ரத்தத்திலும் வந்த கிருமி அது. பரப்புவதற்கான அனாபிலிஸ் கொசு அங்கே முன்பே இருந்தது. குடியேறிகள் வந்து செய்த காரியங்களைப் பாருங்கள். தண்ணீரும் விறகும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் என்று ஓடையோரத் தாழ்நிலத்தில் வீடு கட்டினார்கள். மாவரைக்கும் ஆலைக்காக ஓடையை மறித்துக் குட்டை கட்டினார்கள். மரம் வெட்டிய இடத்தில் நிழல் போய் வெயில் பட்டது. பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது. நிழலில்லாமல் தேங்கிய, அசையாத நீர் அந்தக் கொசுவுக்கு மிகவும் தோதானது. இருந்த வீடோ மரக்கட்டைகளை அடுக்கி இடுக்கில் களிமண் அப்பியது. சன்னலுக்கு வலை கிடையாது. ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுப்பார்கள். நோயாளி ஒருவன் அந்த அறையில் படுத்தால் போதும்.

அங்கே அதிகம் இருந்த வைவாக்ஸ் வகை மலேரியா ஆளை நேரடியாகக் கொல்வது குறைவு. ஆனால் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்துத் திரும்பத் தலைகாட்டும். ரத்தம் வற்றும், மண்ணீரல் வீங்கும், முகம் மஞ்சளாகும். இந்த நிலையில் சீதபேதியோ நிமோனியாவோ வந்தால் உடம்பு தாங்காது. சாவுக்குக் காரணம் நிமோனியா என்பார்கள்; மலேரியாவின் பெயரே வராது. இதைவிடப் பெரிய கேடு காய்ச்சல் வரும் மாதம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அதன் உச்சம், அறுவடையும் அப்போதுதான். வீட்டில் நான்கு பேர் படுத்துவிட்டால் சோளம் வயலிலேயே நிற்கும். வரும் குளிர்காலத்துப் பட்டினி அங்கேயே முடிவாகிவிடும்.

காரணம் யாருக்கும் தெரியவில்லை. புதிதாகக் கிளறிய மண்ணிலிருந்தும் அழுகும் இலைதழையிலிருந்தும் கிளம்பும் கெட்ட ஆவிதான் நோய் என்று டாக்டர்களும் நம்பினார்கள். சிரிக்கத் தோன்றும், ஆனால் அவர்கள் கவனித்தது சரிதான்: சதுப்புக்குப் பக்கத்தில் இருப்பவன் நோயில் விழுகிறான், சாயங்காலக் காற்றில் இருப்பவன் விழுகிறான். நடுவே இருந்த கொசுவை மட்டும் விட்டுவிட்டார்கள். கிருமியை லாவரான் கண்டது 1880-ல். கொசுவின் வயிற்றில் அதை ரொனால்ட் ராஸ் கண்டது 1897-ல், நம் செகந்திராபாத்தில்.

மருந்து மட்டும் காரணத்துக்கு முன்பே வந்துவிட்டது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னாவை 1820-ல் பிரான்சில் பிரித்தெடுத்தார்கள். (அதே சின்கோனாவை 1860-களில் நீலகிரியில் பயிரிட்டார்கள்.) மிசௌரி மாநிலத்தில் ஜான் சாப்பிங்டன் என்ற டாக்டர் 1832 முதல் கொய்னா மாத்திரைகளைப் பெட்டி பெட்டியாக விற்றார். குதிரையில் போகும் வியாபாரிகள் எல்லைப்புறம் முழுக்க, அதாவது புதுக் குடியேற்றங்கள் இருந்த பகுதி முழுக்க, கொண்டு சேர்த்தார்கள். நல்ல காசு பார்த்தவர்தான். ஆனாலும் ரத்தம் வடிப்பதுதான் வைத்தியம் என்று மற்ற டாக்டர்கள் கத்தியோடு அலைந்த காலத்தில், அது வேண்டாம், கொய்னா கொடுங்கள் என்று சொன்னவர். அந்த ஒன்றுக்காகவே அவரை மன்னிக்கலாம்.

பால் நோய்

லிங்கனின் தாயைக் கொன்றது மலேரியா இல்லை. இது மற்ற இடங்களில் கேள்விப்படாத விசித்திரமான நோய். முதலில் சோர்வு. நடந்தால் கால் பின்னும். பிறகு ஓயாத வாந்தி, வயிற்று வலி, கடும் மலச்சிக்கல். மூச்சில் ஒரு தனி நாற்றம் அடிக்கும். கடைசியில் நினைவு தப்பும். பிழைத்தவர்களுக்கும் பழைய பலம் திரும்பப் பல மாதம் பிடிக்கும். அதே பருவத்தில் மாடுகளும் கன்றுகளும் நடுங்கி விழுந்து செத்தன. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதும், பாலும் வெண்ணெயும்தான் பாலம் என்பதும் குடியானவர்களுக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது. அதனால்தான் பால் நோய் என்று பெயரிட்டார்கள். மாடு எதைத் தின்று அப்படி ஆகிறது என்பதுதான் பிடிபடவில்லை. பனித்துளியில் விஷம் என்றார்கள், மண்ணில் ஏதோ உலோகம் என்றார்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்குக் கென்டக்கி சட்டமன்றம் 1830-ல் 600 டாலர் பரிசு அறிவித்தது. அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை.

விடை ஒரு செடி. ஒயிட் ஸ்நேக்ரூட் என்று பெயர். மர நிழலிலும் காட்டோரத்திலும் இடுப்பளவு வளரும். கோடை முடியும்போது கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ பூக்கும். பார்க்க அழகாகவே இருக்கும். அதில் உள்ள நஞ்சு கொழுப்பில் கரையும் தன்மை கொண்டது. எனவே பாலுக்கும் வெண்ணெய்க்கும் போய்விடும். இதில் ஒரு கொடூரமான நுணுக்கம் உண்டு. கறவை மாடு நஞ்சைப் பாலில் வெளியேற்றிவிடுவதால் அதற்கு ஒன்றும் ஆகாமல் கூட இருக்கலாம். நன்றாக நடமாடும் மாட்டைப் பார்த்து நம்பிப் பால் கறப்பார்கள். அதைக் குடித்த கன்றும் பிள்ளையும் சாகும்.

மாட்டுக்கு அந்தச் செடி மேல் பெரிய ஆசை கிடையாது. நல்ல புல் இருந்தால் அதைத்தான் மேயும். பிறகு எப்படி நஞ்சு ஏறியது? முன்னோடிகள் வேலி போட்டது பயிருக்கு, மாட்டுக்கு இல்லை. காட்டை வெட்டி மேய்ச்சல் நிலம் ஆக்க நேரமும் ஆளும் கிடையாது. வெட்டிய சிறு நிலம் சோளத்துக்கே போதாது. மாட்டின் காதில் அடையாளம் வெட்டி, கழுத்தில் மணி கட்டி, காட்டுக்குள் அவிழ்த்துவிட்டார்கள். மழை பெய்த ஆண்டில் பிரச்சினை இல்லை. வறண்ட ஆண்டின் கோடை இறுதியில் திறந்தவெளிப் புல் காய்ந்துவிடும். நிழலில் இந்தச் செடி மட்டும் பச்சையாக நிற்கும். பசித்த மாடு வேறு என்ன செய்யும்? ஆகவே இந்த நோய்க்குச் செடி, வறட்சி, வேலியில்லா மேய்ச்சல், சொந்த மாட்டின் பாலை மட்டுமே நம்பிய வீடு என்று எல்லாம் ஒன்று சேர வேண்டியிருந்தது. அது ஒன்று சேர்ந்த இடம் முன்னோடிக் குடியிருப்புதான்.

செடியை முதலில் கண்டது யார் என்ற கதையும் சுவையானது. தெற்கு இல்லினாயில் ராக் க்ரீக் என்ற இடத்தில் அன்னா பிக்ஸ்பி என்ற பெண் மருத்துவச்சி இருந்தார். தன் வீட்டிலேயே இந்த நோய்க்குச் சாவு கொடுத்தவர். மாடுகளின் பின்னாலேயே நடந்து எதை மேய்கின்றன என்று கவனித்தாராம். ஷானி பழங்குடியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி இந்தச் செடியைக் காட்டி இதுதான் என்றாராம். ஒரு கன்றுக்குத் தின்னக் கொடுத்துப் பார்த்தார், கன்று நடுங்கியது. ஊர் ஆட்களைக் கூட்டிச் செடியை வேரோடு பிடுங்க வைத்தார். இது 1830-களில் நடந்ததாக அந்த வட்டாரத்தில் வழங்கும் செய்தி. மூதாட்டியின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. மருத்துவ உலகமோ ஒரு காட்டு மருத்துவச்சி சொல்வதைக் காதில் வாங்குவதாக இல்லை. 1908 வாக்கில் கூட, இது ஒரு பாக்டீரியாவின் வேலை என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அமெரிக்க வேளாண் துறையின் வேதியியலாளர் ஜேம்ஸ் கௌச் அந்தச் செடியின் நஞ்சைப் பிரித்தெடுத்து முடிவுகளை வெளியிட்டது 1920-களின் இறுதியில். லிங்கனின் தாய் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

லிங்கன் குடும்பம் 1830-ல் இண்டியானாவை விட்டு இல்லினாய்க்குக் கிளம்பியதற்கு ஒரு காரணம், மறுபடி பால் நோய் வருகிறது என்ற பேச்சு. போன இடத்தில், அந்த இலையுதிர்காலத்திலேயே வீட்டோடு குளிர்காய்ச்சலில் படுத்தார்கள்.

ஆற்றோடு வந்தது

காலரா வேறு சாதி நோய். இது நிலத்தில் இருந்ததல்ல, பயணத்தில் வந்தது. வங்காளத்திலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய காலரா 1832-ல் கப்பல் வழியே வட அமெரிக்காவுக்கு வந்தது. அந்த ஆண்டு பிளாக் ஹாக் என்ற சாக் இனத் தலைவருக்கு எதிரான போருக்கு ஜெனரல் ஸ்காட் தலைமையில் ஏரி வழியே அனுப்பப்பட்ட படை, சிகாகோ போய்ச் சேருவதற்குள் காலராவால் சிதைந்துபோனது. பிறகு 1849-ல் இன்னொரு அலை. நீராவிப் படகுகள் மிசிசிப்பி நெடுக அதைச் சுமந்து சென்றன. செயின்ட் லூயிஸ் நகரில் மட்டும் அந்த ஆண்டு 4,000 பேருக்கு மேல் மாண்டார்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருந்தவர்களும் மேற்கே வண்டி கட்டிப் போனவர்களும் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே தள்ளி இருந்தவன் தப்பித்தான். காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் இறந்துபோவதால் காலராவின் பயம் பெரிது. ஆனால் மொத்தக் கணக்கில் பார்த்தால், சத்தமில்லாமல் ஆண்டுதோறும் ஆளெடுத்த பேதியும் டைபாய்டும்தான் அதிகம். கிணற்றுக்கும் கழிப்பிடத்துக்கும் தொழுவத்துக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பிள்ளைகள், பிரசவம்

1800 வாக்கில் அமெரிக்க வெள்ளைப் பெண்ணுக்குச் சராசரியாக 7 குழந்தைகள். எல்லைப்புறத்தில் வேலைக்குக் கை வேண்டும் என்பதால் இன்னும் கூட இருக்கலாம். 1850 வாக்கில் ஐந்து குழந்தைகளில் ஒன்று போல முதல் பிறந்தநாளைக் காணவில்லை என்பது மக்கள்தொகை வரலாற்று ஆய்வாளர்களின் கணிப்பு. தாய்மார் மிகவும் பயந்தது குழந்தையின் இரண்டாவது கோடைக்கு. தாய்ப்பால் நின்று, ஊர்த் தண்ணீரும் மாட்டுப்பாலும் ஈ மொய்த்த உணவும் வயிற்றுக்குள் போகத் தொடங்கும் நேரம் அது. வெயில் காலத்து வயிற்றுப்போக்குக்கு அங்கே தனிப் பெயரே வைத்திருந்தார்கள்.

பிரசவம் பார்த்தது அக்கம்பக்கத்துப் பெண்கள். சாதாரணப் பிரசவத்தை அவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். குழந்தை குறுக்கே கிடந்தாலோ ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோதான் ஆபத்து. அப்போது குதிரையில் ஆளனுப்பி டாக்டரைக் கூட்டிவரப் பொழுது இருக்காது. இது போக அடுப்பங்கரை. திறந்த கணப்பில் சமைத்தார்கள். நீளப் பாவாடையில் தீப்பிடித்து இறந்த பெண்களும் சிறுமிகளும் பழைய பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆண்களுக்குச் சாய்ந்து விழும் மரமும் தவறிப் பாயும் கோடரியும்.

டாக்டர் வந்தால் மட்டும் என்ன? பெரும்பாலும் கலோமல் என்ற பாதரச உப்பைக் கொடுத்துப் பேதியாக்குவார். எச்சில் வழிந்து பல் ஆடும் வரை கொடுப்பதும் உண்டு. பிறகு நரம்பைக் கீறி ரத்தம் வடிப்பார். வாந்தியாலும் பேதியாலும் ஏற்கெனவே வற்றிப்போன உடம்புக்கு இதுதான் வைத்தியம். டாக்டர் இல்லாத ஊரில் இருந்ததால் பிழைத்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன். விதிவிலக்கும் உண்டு. கென்டக்கியின் டான்வில் என்ற சிற்றூரில் எஃப்ரைம் மெக்டவல் என்ற டாக்டர், 1809 கிறிஸ்துமஸ் அன்று ஜேன் டாட் க்ராஃபர்ட் என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து கருப்பைப் பக்கமிருந்த 10 கிலோ எடைக் கட்டியை அகற்றினார். மயக்க மருந்து அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. அந்த அம்மாள் அறுவைக்காக 60 மைல் குதிரையில் வந்தவர். பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

சராசரி ஆயுளை எப்படிப் படிப்பது

1850 வாக்கில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்பட்ட சராசரி ஆயுள் 40-ஐ ஒட்டி இருந்தது. இதை வைத்து, நாற்பதிலேயே எல்லோரும் கிழவராகிச் செத்தார்கள் என்று சொல்வது தவறு. பத்துக் குழந்தைகளில் மூன்று பேர் ஐந்து வயதுக்குள் இறந்து, மற்ற ஏழு பேர் 57 வயது வரை வாழ்ந்தால் கூடச் சராசரி 40-க்குப் பக்கத்தில்தான் வரும். சிறுவயதைத் தாண்டியவர் அறுபதைத் தொடுவது அன்றும் சாதாரணம். லிங்கனின் சித்தி சாரா புஷ் 80 வயது வரை இருந்து, வளர்ப்பு மகன் ஜனாதிபதி ஆனதையும் கொல்லப்பட்டதையும் பார்த்துவிட்டு 1869-ல் இறந்தார்.

இந்தச் சாவுகள் நமக்கு எப்படித் தெரிகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். முன்னோடிக் காலத்தில் இறப்புப் பதிவு என்று ஒன்று அந்த மாநிலங்களில் கிடையாது. குடும்ப பைபிளின் நடுப்பக்கத்தில் எழுதிவைத்த தேதிகள், கடிதங்கள், கல்லறைகள் இவைதான். கல்லறையில் எழுத்து வெட்ட ஆள் இல்லாத இடங்களில் வயல்கல் ஒன்றை நட்டதோடு சரி. இறுதிச் சடங்குப் பிரசங்கம் கூட உடனே நடக்காது. ஊர் ஊராகக் குதிரையில் வரும் போதகர் சில மாதம் கழித்து அந்தப் பக்கம் வரும்போதுதான் செய்வார். லிங்கனின் தாய்க்கும் அப்படித்தான் நடந்தது.

1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்துதான் முந்தைய ஓராண்டில் வீட்டில் யார் இறந்தார், என்ன வயது, எந்த மாதம், என்ன காரணம், எத்தனை நாள் படுத்திருந்தார் என்று கேட்டு எழுதத் தொடங்கினார்கள். நிறைய விடுபட்டுப் போயிருக்கிறது. குறிப்பாகப் பிறந்து சில நாளில் இறந்த சிசுக்கள். காரணம் சொன்னதும் வீட்டுக்காரர்தான். ஆகையால் பல் முளைத்ததில் இறந்தது என்று ஒரு குழந்தைக்கு எழுதியிருந்தால், அது வயிற்றுப்போக்காக இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். நீர்க்கோவை என்றால் இதயமோ சிறுநீரகமோ கெட்டிருக்கும். எலும்புருக்கி என்றால் அனேகமாகக் காசநோய். வெறும் காய்ச்சல் என்று இருந்தால், மாதத்தைப் பார்த்துக்கொண்டு யோசிக்க வேண்டியதுதான்.

இந்தப் பதிவுகளில் வராதவர்கள் அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர்கள். 1838-ல் இண்டியானாவின் பொடவாடமி மக்கள் 850-க்கும் மேற்பட்டோரைத் துப்பாக்கி முனையில் கான்சாஸுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். இரண்டு மாத நடையில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். வறட்சியான இலையுதிர்காலம், கெட்ட தண்ணீர், டைபாய்டு. அதற்கு முந்தைய ஆண்டு மிசௌரி ஆற்றில் ஒரு நீராவிப் படகோடு போன பெரியம்மை, மாண்டன் இனத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டது. குடியேறிகளின் துயரத்தைப் பேசும்போது இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதுதான் நியாயம்.

நோய்கள் மாறிய விதம்

பால் நோயையும் குளிர்காய்ச்சலையும் அங்கே மருத்துவம் ஒழிக்கவில்லை. கொய்னா உதவியது, உண்மை. ஆனால் பெரிய வேலையைச் செய்தது விவசாயம் முதிர்ந்ததுதான். காடு குறைந்து மேய்ச்சல் நிலம் வந்தது. மாடு வேலிக்குள் வந்தது. ஸ்நேக்ரூட் செடி அதற்கு எட்டாமல் போனது. பின்னாளில் பல பண்ணைகளின் பாலை ஒன்றாகக் கலந்து விற்கத் தொடங்கியதும், ஒரு மாட்டின் நஞ்சு ஒரு வீட்டைக் கொல்வது நின்றது. வயலுக்கு அடியில் சுட்ட மண்குழாய் பதித்துச் சதுப்பை வடித்தார்கள், சோளம் நன்றாக வரட்டும் என்று. கொசு குறைந்தது உபரி லாபம். மாடுகள் பெருகியதால் கொசு கடிக்க மனிதனைத் தேடுவதும் குறைந்தது. ரயில் வந்ததும் ஊர்கள் ஆற்றங்கரையை விட்டு மேட்டுக்கு நகர்ந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் (1861-65) பின் வந்த முப்பது ஆண்டுகளில், கொசுதான் காரணம் என்று யாருக்கும் தெரியாமலே, அந்த வட்டாரத்தில் மலேரியா பெருமளவு வடிந்துவிட்டது.

அந்த இடத்துக்கு வேறு நோய்கள் வந்தன. ஊர் அடர்ந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கூட்டம் சேர்ந்தது. அவற்றோடு தொண்டை அடைப்பானும் (டிப்தீரியா) செங்காய்ச்சலும். குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும். 1870-களிலும் 80-களிலும் கான்சாஸ், டகோட்டா சமவெளிகளில் ஒரே வீட்டில் மூன்று, நான்கு பிள்ளைகள் ஒரு வாரத்துக்குள் போன குடும்பங்கள் உண்டு. அந்தப் பக்கத்துக் கல்லறைகளில் ஒரே குடும்பப் பெயரும் அடுத்தடுத்த தேதிகளும் கொண்ட சிறு கற்களின் வரிசையைப் பார்த்தால், முதலில் தொண்டை அடைப்பானைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

குடியேறிய நிலத்துக்கும் குடியேறாத நிலத்துக்கும் நடுவே இனித் தொடர்ச்சியான எல்லைக்கோடு என்று ஒன்று இல்லை என்று அமெரிக்கக் கணக்கெடுப்பு சொன்னது 1890-ம் ஆண்டுக் கணக்கை வைத்துத்தான். அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் எதிரான ரத்தநீர் பற்றிய முடிவுகளை வெளியிட்டார்கள். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த அந்த மருந்து 1890-களின் நடுவில் அமெரிக்க நகரங்களுக்கு வந்தது. சமவெளிப் பண்ணைகளுக்குப் போக இன்னும் சில ஆண்டுகள் ஆயின.